திரும்பிப் பார்க்காத பெண்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன். இந்தப் படிப்பால் வீட்டுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று பல வருஷமாகக் குறைப்பட்ட அம்மா, போன தை மாதம் திடீரென்று எனக்கு மரியாதை கொடுத்தாள். அண்ணனுக்கு ஒரு பெண்ணின் ஜாதகம் பொருந்தியிருந்தது. முறைப்படி வீட்டுக்குப் போகும் முன் பெண்ணைக் கோயிலில் வைத்துத் தூரத்திலிருந்து பார்த்துவிடுவது எங்கள் குடும்பத்து வழக்கம். பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும். பெண்ணுக்கு மட்டும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் இயல்பாக இருக்க மாட்டாளாம்.

இதைத்தான் நான் வகுப்பில் உற்றுநோக்கல் முறை என்று நடத்துகிறேன். தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் மனிதர் மாறிவிடுவார், அதனால் தெரியாமல் பார், பார்த்ததை மட்டும் சொல், குறுக்கே போகாதே.

"ஏட்டி, நீதான் மனசப் படிச்சவ. நீ பாத்து என்ன சொல்லுதியோ அதுதான்," என்றாள் அம்மா. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது உண்மை.

ஆற்றங்கரையிலிருக்கும் குறுக்குத்துறைக் கோயிலில் நானும் அம்மாவும் மாமாவும் ஒரு தூண் ஓரமாக நின்றோம். ஒளிந்து நிற்பதாக நினைப்பு. மாமா பட்டு வேட்டி கட்டி, ஜவ்வாது பூசி வந்திருந்தார். ஆற்றில் குளித்தவர்கள், துணி துவைத்த பெண், ஈரத்தலையோடு ஓடிய பிள்ளைகள் என எல்லோரும் ஒரு தடவையாவது எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் தன் அம்மாவோடு வந்தாள். எங்களைத் தாண்டித்தான் படியிறங்கினாள். கீழ்ப்படியில் உட்கார்ந்து தண்ணீரில் காலை வைத்துக்கொண்டாள். அடக்கமான பிள்ளை என்றாள் அம்மா. நடை நன்றாயிருக்கிறது என்றார் மாமா. எனக்கு வேறொன்று பட்டது. படித்துறையே எங்களை வேடிக்கை பார்க்கிறது, இவள் மட்டும் பார்க்கவில்லை. ஒன்றும் அறியாதவள் என்றால் அந்த ஜவ்வாது வாசனைக்காவது நிமிர்ந்திருப்பாள். அவளுக்குத் தெரியும்.

அவள் அம்மா அர்ச்சனைச் சீட்டு வாங்க உள்ளே போனபோது, கால் கழுவுகிற சாக்கில் நான் இறங்கினேன். ஆற்றைப் பார்த்தபடியே அவள் பேசினாள்.

"அக்கா, இங்கன பாக்காமக் கேளுங்க. எனக்கு இப்பம் கல்யாணம் வேண்டாம். அழுது பாத்துட்டேன், வீட்ல கேக்க மாட்டேங்காவ. வேண்டாம்னு ஒங்க பக்கத்துல இருந்து வரணும். என்ன குறை வேணாலும் சொல்லிக்கோங்க. நான் சொன்னேன்னு மட்டும் தெரியக் கூடாது."

நாங்கள் வந்தது எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"வீட்ல ரெண்டு நாளா எல்லாரும் பிரியமாப் பேசுதாவளே."

ஏன் வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. அந்தக் காரணம் என்னிடம் சொல்லத்தான் வேண்டுமென்று அவளுக்கு என்ன கட்டாயம்?

ஆனால் மேலே ஏறுவதற்குள் மனசு படாத பாடு பட்டது. அவள் மேல் ஒரு குறை சொன்னால் அது சொந்தக்காரர் வீடெல்லாம் சுற்றும், ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். உண்மையைச் சொல்லலாம் என்றால் மாமா வாயில் எதுவும் நிற்காது, சாயங்காலத்துக்குள் அவள் வீட்டில் அடி விழும். பேசாமல் இருந்தாலோ அண்ணன் கட்டிக்கொள்வான். நல்லவன், அவன் மேல் பழி போடவும் எனக்கு மனசு வரவில்லை.

காரில் ஏறியதும் அம்மா முகத்தைப் பார்த்தாள். எனக்குப் பிடிக்கவில்லை என்றேன்.

"அப்படி என்னத்தப் பாத்த?"

"ஒண்ணும் பாக்கலம்மா. பிடிக்கல, அவ்வளவுதான்."

நாத்தனார் புத்தியைக் காட்டிவிட்டாள் என்றார் மாமா. அதற்கா இவ்வளவு படித்தாய் என்று அம்மா வீடு வரை அழுதாள். ஆனாலும் கொடுத்த வாக்கை மீறவில்லை, எங்கள் மகளுக்குத் திருப்தியில்லை என்று அவர்களுக்குப் போன் செய்து சொல்லிவிட்டாள். அண்ணன் அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. வலிக்கத்தான் செய்கிறது. ஒருத்தி தப்பித்தாளே என்று தேற்றிக்கொண்டிருந்தேன்.

பங்குனியில் தரகர் வீட்டுக்கு வந்தார். அந்தப் பெண்ணைத் திருச்செந்தூரில் வைத்து வேறொரு வீட்டார் பார்த்துவிட்டார்களாம். எல்லோருக்கும் பரம திருப்தியாம், வைகாசியில் கல்யாணமாம்.

"அத்தன கூட்டத்துலயும் தல நிமிந்து ஒருத்தரையும் பாக்கலையாம், அண்ணி," என்றார் அம்மாவிடம். "அவ்வளவு அடக்கம்."