இருபத்தாறு அடி எலி

என் அக்கா வீட்டுக்காரரைப் போல ஒரு சந்தேகப் பிராணியை நான் பார்த்ததில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நாலாவது முறையும் இழுப்பார். ஒரு மென்பொருள் கம்பெனியில், வேலை கேட்டு வருகிறவர்களுக்குத் தேர்வு வைப்பது அத்தானின் பொறுப்பு. குணத்துக்கேற்ற வேலைதான்.

பத்து வருஷமாக ஒரே கணக்கு. பத்துக்குப் பத்து கட்டம், அதில் சில கட்டங்கள் கறுப்பு. மேலே இடது மூலையில் எலி, கீழே வலது மூலையில் அதன் வளை. எலி நாலு பக்கமும் நகரலாம், கறுப்பில் மட்டும் கால் வைக்கக் கூடாது. மிகக் குறைந்த அடிகளில் அதை வளைக்குக் கொண்டு சேர்க்கும் புரோகிராம் எழுத வேண்டும். அத்தான் எழுதிய புரோகிராம் சொன்ன விடை இருபத்தாறு. வேறு எண் வந்த தாளில் சிவப்பு மையில் பெருக்கல் குறி போடுவார். பின்னால் யாராவது தகராறுக்கு வந்தால் காட்ட வேண்டும் என்று அத்தனை தாள்களையும் வீட்டு இரும்பு அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்.

ஒன்பது வருஷத்துக்கு முன் நானும் எழுதினேன். எனக்கு வந்தது இருபத்திரண்டு. "மச்சானைத் தூக்கிவிட்டான்னு பேச்சு வரக்கூடாது" என்று முதல் ஆளாக என்னைக் கழித்துக்கட்டினார். அவசரக்குடுக்கை என்று வீட்டில் பெயர் வாங்கிக்கொண்டு நான் லிஃப்ட் மெக்கானிக் ஆனேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தான் ஜன்னலைச் சாத்திவிட்டு ஒரு தாளை என் முன்னால் வைத்தார்.

"இந்தப் பொண்ணுக்கு விடை இருபத்தாறு. ஆனா கடைசி வரியப் பாரு."

பார்த்தேன். கணக்கில் இருபத்திரண்டு வந்தால், அதை இருபத்தாறு என்று அச்சிடச் சொல்லியிருந்தாள்.

"விடைய யாரோ வெளிய விட்டிருக்காங்க. ஆபீஸ்ல ஒருத்தனையும் நம்ப முடியல. நீ ஃபெயிலானவன், உன்மேல மட்டும் சந்தேகமே இல்ல."

இதற்கு நன்றி சொல்வதா, எழுந்து போவதா என்று தெரியவில்லை. "விடை வெளிய போனது இருக்கட்டும் அத்தான். அவளுக்கு எதுக்கு இருபத்திரண்டு வரணும்?" என்று பென்சிலை எடுத்தேன். ஒரு கறுப்புச் சுவரைத் தாண்ட எலி இரண்டு கட்டம் மேலே ஏற வேண்டியிருந்தது. ஏறி இறங்கினால் இருபத்திரண்டே அடிதான். அத்தான் விரல் வைத்து நாலு தடவை எண்ணினார். பிறகு தன் பழைய புரோகிராமைத் திறந்தார். கீழே, வலது, இடது என்று மூன்று வரிகள் இருந்தன. மேலே போகும் வரியே இல்லை.

"கீழ போக வேண்டியது எதுக்குடா மேல ஏறப் போகுதுன்னு நெனச்சிட்டேன்" என்றார். உடனே கண்ணைச் சுருக்கினார். "இத்தனை வருஷமா தெரிஞ்சுக்கிட்டே சொல்லாம இருந்தியா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அதற்குள் அக்கா கரண்டியோடு வந்து நின்றாள்.

"அப்ப என் தம்பி எழுதுனது சரியா?"

"சரிதான்" என்றார் அத்தான், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அந்தப் பொண்ணை என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டேன்.

"பொய்யா எழுதினவள எப்படிடா எடுக்கறது?"

"சரியா எழுதினவன எடுக்கலையே அத்தான். பின்ன அவ என்ன செய்வா?"

அத்தான் எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். இருபத்திரண்டு போட்ட தாள்கள் மட்டும் முப்பத்தேழு. என்னுடையதும் இருந்தது. சிவப்புக் குறியை அடித்து, 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். ஒன்பது வருஷம் கழித்து அதை வைத்து என்ன செய்வது? ஆனாலும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

"மத்தவங்களுக்கு யார் சொல்றது? தாள்ல நம்பர் இருக்குல்ல, போன் போடுங்க" என்றாள் அக்கா.

முதல் போன் அந்தப் பெண்ணுக்கு. கடைசி வரியை அழித்துவிட்டுத் திங்கட்கிழமை வேலையில் சேர வரச் சொன்னார். அடுத்தது எட்டு வருஷத்துக்கு முன் எழுதிய ஓர் ஆள். ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, அன்னைக்கு நீங்க எழுதுன விடை சரி. தப்பு என்னுதுதான்."

"யாருங்க நீங்க? எட்டு வருஷம் கழிச்சு பாஸா? அடுத்து ஓடிபி கேப்பீங்க, அதானே? போலீஸ்ல சொல்லிருவேன், வைங்க போனை!"

அத்தான் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் உண்மையத்தானேடா சொன்னேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த தாளை எடுத்து நம்பரைப் படித்தேன்.