களப்புக் கல் எண்டு சொன்ன கல்

தங்கச்சி மகள்ட கலியாணத்துக்குப் புத்தளம் போய் நிண்டுட்டு குறிஞ்சிப்பிட்டிக்குத் திரும்பி வந்து பாக்கிறன், எங்கட புது மீன் தொட்டிக்குள்ள ஒரு பெரிய கல் குந்திக்கிட்டு இருக்கு.

"இது எங்கால?" எண்டு கேட்டன்.

"உன்ட காக்கா தந்தார் புள்ள. களப்பில நண்டு வலையில மாட்டினதாம். இடுப்பளவு தண்ணியில. கல்லில உயிர் இருந்தாத்தான் தொட்டித் தண்ணி பழுதாகாது."

காக்கா, என்ட அண்ணன், கரையோரத்து ஆழமில்லாத களப்பு ஏரியில நண்டு வலை போடுறவர். ஆனா நான் கேட்டது எங்கால எண்டு மட்டும். தண்ணி எவ்வளவு ஆழம் எண்டு யார் கேட்டது? என்ட புருஷன் கேக்காததுக்கு விளக்கம் சொன்னா அதில எங்கயோ ஒரு ஓட்டை இருக்கும்.

அவர் சிலிண்டர் போட்டு ஆழக்கடல்ல இறங்கி அலங்கார மீனும் கடலட்டையும் பிடிச்ச ஆள். போன வருஷம் ஒருநாள் அடியிலயிருந்து அவசரமா மேல வந்ததில ரத்தத்தில காத்து ஏறி, இடுப்புக்குக் கீழ உணர்வே இல்லாமப் போயிட்டுது. கொழும்பு ஆஸ்பத்திரியில கிடந்து, அல்லாஹ்ட உதவியால எழும்பி நடந்தார். இடது கால் இன்னமும் இழுக்குது. "இனி இறங்கினா கால் மட்டும் போகாது, ஆளே போயிடும்" எண்டு டொக்டர் அவருக்குச் சொல்லல்ல, என்ட முகத்தைப் பாத்துத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்த அண்டைக்கே, இனிக் கடலுக்குள்ள இறங்கமாட்டன் எண்டு அல்லாஹ் மேல சத்தியம் வாங்கினன். அதுக்குப் பிறகு மனிசன் கதிரையில குந்தி சுவரைப் பாத்துக்கிட்டே இருந்தார். பழைய கூட்டாளிமார் ஒரு கண்ணாடித் தொட்டி கொண்டு வந்து குடுத்தாங்க. சரி, கடல் வீட்டுக்குள்ள வந்தா ஆள் வீட்டுக்குள்ள இருப்பார் எண்டு நானும் சந்தோஷப்பட்டன்.

இப்ப அந்தத் தொட்டிக்குள்ள இந்தக் கல்.

காக்காவுக்குப் போன் அடிச்சன். "எந்தக் கல்லு?" எண்டார். பிறகு இருமினார். பிறகு, "ஆ, ஓம் ஓம், அந்தக் கல்லு" எண்டார். போனை வைச்சுட்டுத் தொட்டிக்குக் கிட்டப் போய்க் குனிஞ்சு பாத்தன்.

சின்ன வயசிலயிருந்து காக்காட வலையில நண்டு கழட்டுறவ நான். களப்புக் கல் எண்டா சேறு மணக்கும். பச்சைப் பாசி வழுக்கும். ஒட்டிக் கிடக்கிற சிப்பி விரலை வெட்டும். இந்தக் கல்லில சேறும் இல்ல, சிப்பியும் இல்ல. பெயின்ட் அடிச்ச மாதிரி ஊதாவும் ரோசாவுமா ஒரு பொருக்கு. என்ட மனிசனுக்கு இது எங்க விளங்கப் போகுது? ஆழக்கடல்காரனுக்குக் களப்பு எண்டா இளக்காரம். வலை கழட்டுறது பொம்பிளையள்ட வேலை எண்டு ஒரு நாளும் எட்டிப் பாத்ததில்ல.

நான் பாத்துக்கிட்டே இருந்தன்.

ரெண்டு சின்ன நீல மீன் விட்டிருந்தம். ஒண்டைக் காணல்ல. கல்லுக்குள்ளயிருந்து டக், டக் எண்டு சத்தம் வேற. "கல்லுக்குள்ள என்னமோ குடியிருக்கு, புடிக்கணும்" எண்டு அவர் துள்ளினார். அஸர் தொழுதுட்டு வந்து, கட்டில் விரிப்பை எடுத்துத் தொட்டிக்கு மேல போத்தினார். இருட்டினா எல்லாம் வெளிய வருமாம். பிறகு ரெண்டு பேரும் விரிப்புக்குள்ள தலையைப் போட்டு டோர்ச் அடிச்சுப் பாத்தம்.

ஒரு முள்ளுப் புழு நீளமா ஊர்ந்து வந்திச்சு. எனக்கு மேல் கூசிச்சு. "தொட்டுடாத, முள்ளுக் குத்தும். ஆனா நல்லவன், கழிவைத் திண்டுருவான்" எண்டார். கண்ணாடி மாதிரிப் பழுப்புப் பூ ஒண்டு: "இவன் ஆகாது, தொட்டியெல்லாம் பெருகிருவான்." டக் டக் எண்டது ஒரு இறால், அது பாவமாம். கடைசியில மயிர் முளைச்ச நண்டு ஒண்டு, கறுத்த கொடுக்கோட. "இந்தா கள்ளன்! மீனைத் திண்டவன் இவன்தான்!" அவர்ட முகத்தில அப்பிடி ஒரு வெளிச்சத்தை நான் ஒரு வருஷமாக் காணல்ல. கல்லைத் திருப்பித் திருப்பி எல்லாருக்கும் தீர்ப்புச் சொன்னார்.

திருப்பேக்குள்ளதான் கண்டன். கல்லிட அடிப்பக்கம், இருட்டில மெல்ல விரிஞ்சுகிட்டு இருந்திச்சு, தோடம்பழம் மாதிரி செம்மஞ்சள் நிறத்தில ஒரு பூக்கொத்து.

கலியாணம் முடிச்ச புதுசில இவரே சொன்ன கதை அது. பதினைஞ்சு ஆள் உயரத்துக்குக் கீழ, வெளிச்சம் படாத பாறைக்கடியில, தோடம்பழ நிறத்தில பூக்கிற ஒரு சீவன் இருக்கு, எந்த வலையிலயும் வராது, ஒருநாளைக்கு உனக்குக் கொண்டந்து காட்டுறன் எண்டார்.

"அப்ப இவன்?" எண்டு கேட்டன். "இவன் நல்லவனா, ஆகாதவனா?"

டோர்ச்சை டப்பெண்டு அணைச்சுட்டார்.

"போட் ஓட்டினது யாரு?"

"உன்ட காக்காதான்."

யா அல்லாஹ்! விரிப்பை இழுத்து எறிஞ்சன். வாயில வந்ததெல்லாம் சொன்னன். சத்தியம் எண்டா உங்களுக்குக் காலையில திண்டுட்டு மறக்கிற பாணும் சம்பலுமா எண்டு கேட்டன், பிறகு அழுதன். நான் களைச்சு நிண்ட பிறகு மெதுவாச் சொன்னார்:

"தண்ணிக்குள்ள கால் இழுக்கல்ல புள்ள."

நான் தொட்டிப் பக்கம் திரும்பினன்.

"இதை இப்பவே கடல்ல போடணும்" எண்டன்.

"போடலாம். ஆனா கரையில போட்டா செத்துரும். எடுத்த இடத்திலதான் வைக்கணும்."

எவ்வளவு ஆசையோட சொன்னார் தெரியுமா? விளங்கிட்டுது எனக்கு. இந்தப் பூ செத்தாலும் புதுசு எடுக்க இறங்குவார். திருப்பி வைக்கவும் இறங்குவார்.

வெளிச்சத்தில வளர்ற சீவன் இல்ல அது, கையால ஊட்டினாத்தான் பிழைக்கும். அதனால பின்னேரத்தில விரிப்பைப் போத்தி, இறாலைப் பொடியா நறுக்கி, ஈர்க்குக் குச்சியில வைச்சு ஒவ்வொரு வாய்க்கும் நானே குடுக்கிறன். அவர் பக்கத்தில கதிரையைப் போட்டு, இந்த வாய்க்கு, அந்த வாய்க்கு எண்டு சொல்லிக்கிட்டு இருப்பார். பூ நல்லாக் கொழுத்திட்டுது.

அது சாக நான் விடமாட்டன்.