கருப்பிக்குத் தைத்த போர்வை

ஒரு வருடமாகத் தைத்த கம்பளி ஒட்டுப்போர்வையை இன்று முடித்தேன். நான் தைத்ததிலேயே பெரியது. கொடைக்கானல் மழையில் நனைந்து வந்த என் நாய் நேராக அதன்மேல் ஏறிப் படுத்தது. ஈர நாயும் கம்பளியும் கலந்த வாசத்தில் எனக்கு மறுபடி பத்து வயதாகிவிட்டது.

அன்று, குட்டி போட்டிருந்த எங்கள் நாய் கருப்பி குளிரில் நடுங்கினாள். இலங்கைத் தேயிலைத் தோட்ட வேலையை விட்டு ஊர் திரும்பியபோது அப்பா கொண்டுவந்திருந்த கம்பளியை வெட்டி, பழந்துணியோடு சேர்த்து அவளுக்குப் போர்வை தைத்துவிட்டேன்.

"அப்பா வரட்டும், இருக்கு ஒனக்கு" என்றாள் அம்மா.

உருளைக்கிழங்குக் காட்டு வேலை முடிந்து வந்த அப்பா, குனிந்து தையலை விரலால் தடவினார். அடி விழும் என்று நின்றேன்.

"நாய்க்கே இம்புட்டு நேராத் தச்சிருக்கியே புள்ள! மிச்சத்துல எனக்கும் ஒண்ணு தச்சுக் குடு."

இப்போது என்னிடம் போர்வை வாங்க வருகிறவர்கள் என் முதல் வாடிக்கையாளர் யார் என்று கேட்பார்கள். கருப்பி என்பேன். அப்பாவுக்கு இரண்டாவது இடம்தான்.