கிரகணம் காட்டிய புஷ்பா

தனக்குப் பேச வரும் என்பது இருபத்திரண்டு வயதுவரை புஷ்பாவுக்கே தெரியாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தாள். சென்னீர்குப்பத்தில் வீடு. அம்மா முனியம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் வளர்த்த பிள்ளைகள் அவளும் தம்பி கோவிந்தனும்.

ஹாலி வால்நட்சத்திரம் வந்த வருஷம், பூந்தமல்லியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் அறிவியல் மன்றத்துக்காரர்கள் டெலஸ்கோப் வைத்திருந்தார்கள். வேலை முடிந்து வந்த வழியில் புஷ்பாவும் வரிசையில் நின்றாள். வால்நட்சத்திரம் ஏமாற்றம்தான். கண்ணாடியில் பட்ட விரல் ரேகைபோல ஒரு மங்கல், அவ்வளவே. ஆனால் பக்கத்து மேசையில் ஒரு விண்கல் இருந்தது. எலுமிச்சம்பழ அளவுதான். கையில் வாங்கியவள் அந்தக் கனத்தை எதிர்பார்க்காமல் மறுகையையும் கொடுத்துப் பிடித்தாள். பூமி உண்டானபோதே இதுவும் உண்டாகிவிட்டது, இத்தனை காலமும் வெளியே சுற்றிவிட்டு இப்போதுதான் வந்து விழுந்திருக்கிறது என்றார் மேசைக்குப் பின்னால் நின்றவர். பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள். புஷ்பா மனசில்லாமல்தான் கல்லைத் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த மாதமே மன்றத்தில் சேர்ந்துவிட்டாள். மற்றவர்கள் மேடையில் பாடப்புத்தகம்போலப் பேசுவார்கள். புஷ்பா குழாயடியில் பேசுவதுபோலப் பேசினாள். மன்றத்து விண்கல்லைப் பெட்டியிலிருந்து எடுத்து முதல் வரிசையில் கொடுத்துவிட்டு, “தொட்டுப் பாருங்க. நீங்க ஏறிக் கும்புடுற மலைக்கெல்லாம் இது மூத்தது” என்று ஆரம்பித்தால் எழுந்து போகிறவர்களும் உட்கார்ந்துவிடுவார்கள். காட்டுப்பாக்கம், குத்தம்பாக்கம், ஆவடி குவார்ட்டர்ஸ் என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூட்டம். வந்த வரன்களைத் தட்டிக்கழித்தாள். முனியம்மா புலம்பிப் பார்த்து ஓய்ந்துபோனாள்.

தம்பிக்குத்தான் கல்யாணம் ஆயிற்று. வந்தவள் பத்மா. அதிகம் பேசமாட்டாள். நாத்தனாரிடம் அவளுக்கு மரியாதை. புஷ்பா கூட்டத்துக்குப் போய் வந்த அன்றெல்லாம் தட்டில் சோறு போட்டு வைத்துக்கொண்டு, அங்கே என்னென்ன கேட்டார்கள் என்று விசாரிப்பாள்.

தொண்ணூற்றைந்தில் தீபாவளிக்கு மறுநாள் காலை சூரிய கிரகணம். அதற்கு முன்பே ஊர் ஊராகப் போய், பயப்பட ஒன்றுமில்லை, வெறும் கண்ணால் மட்டும் பார்க்காதீர்கள் என்று மன்றத்தார் சொல்லி வந்தார்கள். சென்னீர்குப்பம் கூட்டத்தில் எல்லம்மா என்ற நடுவயதுக்காரி எழுந்து, “உங்க ஊட்ல புள்ளத்தாச்சி இருந்தா வெளிய வுடுவியா?” என்று கேட்டாள். கூட்டம் சிரித்தது.

பத்மா அப்போது ஆறு மாதம்.

“எங்க ஊட்லயே ஒருத்தி கீறா. அன்னிக்கி நம்மூரு மைதானத்துல உங்க கண்ணு முன்னால நிக்கவெக்கிறேன். பலகாரமும் துன்னுவா” என்றாள் புஷ்பா. கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் அவளுக்குப் பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது முனியம்மா கத்தினாள். கோவிந்தன் அக்காவை எதிர்த்துப் பேசிப் பழகாதவன், வெளியே போய்விட்டான். பத்மா மட்டும், “நீ பக்கத்துலயே இருப்ப இல்லக்கா?” என்று கேட்டாள். பின்னே எங்கே போவேன் என்று சிரித்தாள் புஷ்பா.

கிரகணத்தன்று மைதானம் நிறைந்துவிட்டது. வேப்பமரத்து நிழலில் வெயில் பொட்டுகளெல்லாம் பிறைகளாக மாறியதைப் பார்த்துப் பெண்கள் வாய்மேல் கைவைத்தார்கள். பத்மா நடுவில் நின்று தீபாவளிக்குச் சுட்ட அதிரசத்தைத் தின்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். அதற்குள் யாரோ கறுப்புக் கண்ணாடி போதவில்லை என்று கூப்பிட, புஷ்பா அந்தப் பக்கம் ஓடினாள். அங்கே பேச்சு இழுத்துக்கொண்டது. நெடுநேரம் கழித்துத் திரும்பியபோது பத்மா அதே இடத்தில், பாதி அதிரசம் கையில் இருக்க, முந்தானையை நாலாக மடித்து வயிற்றின்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுற்றி நின்றவர்கள் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சூரியனை அல்ல.

பொங்கல் கழிந்து பெண் குழந்தை பிறந்தது. மேலுதடு பிளந்திருந்தது.

முனியம்மா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே மாரில் அடித்துக்கொண்டாள். கருவில் உதடு கூடுவதெல்லாம் இரண்டாம் மூன்றாம் மாதத்திலேயே முடிந்துவிடும், கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, தைத்துச் சரிசெய்துவிடலாம் என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். புஷ்பா அதைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவிடம், தம்பியிடம், தெருவில் கேட்டவர்களிடம் எல்லாம் சொன்னாள். யாரும் மறுத்துப் பேசவில்லை. நம்பவும் இல்லை.

கடைசியாகப் பத்மாவிடம் வந்தாள். பாலாடையில் குழந்தைக்குச் சொட்டுச் சொட்டாகப் பால் புகட்டிக்கொண்டிருந்தாள் பத்மா. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “தெரியும்க்கா. டாக்டரு எங்கிட்டயும் சொன்னாரு. நான் உன்ன கொற சொல்லல. ஆனா அவங்களாண்ட சொல்றதுக்கு முன்னாடி, வரியான்னு என்ன ஒரு வார்த்த கேட்டியா? நான் ஊட்டுக்குள்ள இருந்திருந்தா, புள்ள இப்டியே பொறந்திருந்தாலும் ஒருத்தியும் என்ன பேசியிருக்கமாட்டா. இப்ப தண்ணிக்கிப் போனா, நின்னு துன்னவ வரான்றாளுங்க.”

எத்தனையோ ஊரில் எத்தனையோ கேள்விக்குப் பதில் சொன்ன புஷ்பா, காலியான பால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

அதன்பின் ஒரே ஒரு கூட்டத்துக்குப் போனாள், குத்தம்பாக்கத்தில். பேச்சுக்கு நடுவே ஒரு பெண் எழுந்து குழந்தையைப் பற்றிக் கேட்டாள். புஷ்பா சரியான பதிலைத்தான் சொன்னாள். சொல்லும்போதே, பத்மாவை மறுபடியும் கூட்டத்துக்கு நடுவே நிறுத்தியதுபோல் இருந்தது. அந்த வாரமே கல்லைப் பெட்டியோடு மன்றத்தில் ஒப்படைத்துவிட்டு வந்தாள். ஏன் என்று கேட்டார்கள். உடம்பு முடியவில்லை என்றாள்.

குழந்தைக்குப் பெரியாஸ்பத்திரியில் உதட்டைத் தைத்தார்கள். மெல்லிய தழும்புதான் மிச்சம். பேச்சு வந்து விளையாடவும் தொடங்கிவிட்டது. ஆனால் பழைய தெருவில் இருக்கப் பத்மாவால் முடியவில்லை. கோவிந்தன் காட்டுப்பாக்கத்தில் வீடு பார்த்துக் குடிபோனான். போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டான்.

தொண்ணூற்றேழில் இன்னொரு வால்நட்சத்திரம் வந்தது. இதற்கு டெலஸ்கோப்பே தேவைப்படவில்லை. வேலைவிட்டு வரும் பஸ்ஸில், ஜன்னல் வழியாக மேற்கே வாலோடு துலக்கமாகத் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மடியில் பையை வைத்துக்கொண்டு அரைத்தூக்கத்தில் இருந்தாள். எழுப்பிக் காட்டலாமா என்று ஒரு கணம் நினைத்த புஷ்பா, பேசாமல் இருந்துவிட்டாள்.

மாதம் ஒருமுறை காட்டுப்பாக்கம் போவாள். குழந்தைக்கு ஏதாவது வாங்கிப் போவாள். பத்மா வாசலுக்கே வந்து அழைப்பாள், காபி கொடுப்பாள், வேலையைப் பற்றிக் கேட்பாள். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று புஷ்பா ஒருமுறை ஆரம்பித்தாள். பத்மா, “அதெல்லாம் எதுக்குக்கா” என்று உள்ளே போய் முறுக்கு எடுத்து வந்தாள். அவளும் முனியம்மாவும் தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். புஷ்பாவுக்கு மட்டும் நாற்காலி போட்டிருந்தாள்.

முறுக்கைத் தின்று முடித்ததும், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று புஷ்பா எழுந்துகொண்டாள். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது.