ஏந்தி நீட்டிய கை

2008 வாக்கில் கடலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். பக்கவாதம் வந்து படுத்த மீனவர் ஒருவருக்குத் துணையாக அவர் மனைவி வார்டிலேயே கிடந்தாள். ஒல்லியான உடம்பு, இடுப்பில் எப்போதும் சொருகிய ஈரத் துண்டு. பிரஷர் பார்க்கும் பட்டையோடு நான் வந்தால் போதும், அவரது கனத்த கையை இரண்டு கையாலும் ஏந்தி என்னிடம் நீட்டுவாள்.

ஒருநாள், "சாப்டீங்களாம்மா?" என்று அவளைக் கேட்டேன்.

"அரை டம்ளர் கஞ்சி குடிச்சாரு, சிஸ்டர்."

"அவர இல்லம்மா, உங்களத்தான் கேக்குறேன்."

தனக்குப் பின்னால் வேறு யாரோ நிற்பதுபோல அவள் திரும்பிப் பார்த்தாள். நான் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். நாற்பது நாளில் அவள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. பார்வையாளர் அனுமதிச் சீட்டில் 'மனைவி' என்றிருந்தது. எனக்கு அது போதுமாயிருந்தது.

அவர் இறந்து இரண்டு மாதம் கழித்து, தலைசுற்றல் என்று பக்கத்து வீட்டுக்காரி அவளை அழைத்து வந்தாள். பெஞ்சில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு ஓரமாக ஒடுங்கியிருந்தாள். அவ்வளவு கூட்டத்திலும் அங்கே யாரும் உட்காரவில்லை.

இந்த முறை பெயர் கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரிதான் சொன்னாள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "கைய நீட்டும்மா" என்றேன்.

அவள் காலி இடத்தின் பக்கம் திரும்பி, கனமான எதையோ இரண்டு கையாலும் மெல்ல ஏந்தி என்னிடம் நீட்டினாள்.

"மெதுவா கட்டுங்க சிஸ்டர், அவருக்கு வலிக்கும்."

பட்டையை எந்தக் கையில் கட்டுவதென்று ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை.