புள்ளைய எடுத்துக்குவீங்களா?

1. டாக்டர் வராத காலை

முகாம் நாளன்று டாக்டர் வந்து சேரவில்லை.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் சாலை மறியல் நடந்துகொண்டிருந்த காலம் அது. முதல் நாள் மாலை வரை பஸ் ஓடியது. விடிந்ததும், உளுந்தூர்பேட்டைக்கு இந்தப் பக்கம் புளியமரங்களை வெட்டிச் சாலையின் குறுக்கே போட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. கடலூரிலிருந்து வர வேண்டிய எலும்பு டாக்டர் எந்த மரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. தாலுகா ஆபீஸ் போனிலும் சத்தம் இல்லை.

நான் மறுவாழ்வு அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இன்று மாற்றுத்திறனாளிகள் என்கிறோம்; அன்று ஆபீஸ் பலகையில் 'ஊனமுற்றோர்' என்றுதான் எழுதியிருக்கும். கள்ளக்குறிச்சியில் ஓர் அரசுப் பள்ளியில் முகாம். டாக்டர் குழந்தையை நேரில் பார்த்து, பாதிப்பு கடுமையானது என்று சான்று கொடுத்தால்தான் பராமரிப்பு உதவித்தொகைக்கு நாங்கள் சிபாரிசு செய்ய முடியும். வருமான வரி கட்டுகிறவர்கள் பிள்ளையின் வைத்தியச் செலவுக்காக வரியில் கழிவு கேட்கவும் டாக்டர் சான்று வேண்டும். அதனால் எங்கள் முகாமில் செருப்பில்லாமல் வந்தவரும் மோட்டார் சைக்கிளில் வந்தவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

அன்று மோட்டார் சைக்கிளில் வந்தவர் தங்கராசு. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் ஃபோர்மேன். கரும்புக் கொல்லை வழியாகவே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். கூட அவர் மகன் பாபு. வயது பன்னிரண்டு இருக்கும். பேச்சு வராது, கழுத்து நிற்காது.

"மேடம், டாக்டரு வருவாரா மாட்டாரா? சர்ட்டிபிகேட் இல்லன்னா இந்த வருசம் கழிவு கெடையாதுன்னு அக்கவுண்டன்ட் சொல்லிட்டாருங்க."

"வந்துடுவாரு சார்" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

பெஞ்சின் கடைசியில் அலமேலு. கல்வராயன் மலையிலிருந்து மகள் லட்சுமியை இடுப்பில் சுமந்து முதல் நாளே இறங்கி வந்தவள். மகளுக்கு ஏழு வயது. கைகால் விறைத்திருக்கும், வலிப்பும் உண்டு. நான் எது கேட்டாலும் அலமேலு தலையை மட்டும் ஆட்டினாள்.

மறியலுக்காக வரவழைத்த போலீசாரைத் தங்கவைக்க அதே பள்ளியைத்தான் ஒதுக்கியிருந்தார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. திடீரென்று இரண்டு வேன்கள் மைதானத்துக்குள் வந்து நின்றன. லத்தியோடு ஆட்கள் குதித்து இறங்கினார்கள். அவர்களிடம் போய் முகாம் நடப்பதைச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். அலமேலு உட்கார்ந்திருந்த இடம் காலி. அவளுடைய துணிப்பை மட்டும் கிடந்தது. திறந்து பார்த்தேன். லட்சுமியின் வலிப்பு மாத்திரை அதற்குள் இருந்தது.

"மலக்காரம்மா தானே? போலீசப் பாத்ததும் புள்ளையத் தூக்கிக்கினு ஓடிச்சி. கச்சிராயபாளையம் ரோட்டுப் பக்கம்" என்றாள் பக்கத்தில் இருந்த ஒருத்தி.

மலைக்குப் போகும் சாலை அது. நல்ல வெயில், பஸ் இல்லை, வழியெல்லாம் மறியல். தங்கராசு எழுந்தார்.

"நான் வண்டிய எடுக்கறேன். ஆனா பாபுவ வுட்டுட்டு வர முடியாதுங்க."

2. கச்சிராயபாளையம் சாலை

பாபுவைத் துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். நான் அலமேலுவின் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்து அவன் தலை சாயாமல் பிடித்துக்கொண்டேன். ஊரைத் தாண்டியதும் ஒரு பெரிய மரம் சாலையை அடைத்துக் கிடந்தது. பத்துப் பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

"வண்டி வுடமாட்டோம். திரும்பிப் போங்க."

"ஒரு அம்மா, பொம்பளப் புள்ளையத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கம் வந்தாங்களா?" என்று கேட்டேன்.

ஒரு பெரியவர் என்னைப் பார்த்தார், பாபுவைப் பார்த்தார். "தண்ணி கேட்டுச்சி, குடுத்தோம். போலீசு வருதான்னு எங்களயே கேக்குது. நாங்களே அதுக்குத்தாம்மா பயந்துகினு கீறோம். அந்தாண்ட ஓடைப் பக்கம் பாரு."

சொல்லிவிட்டு, நாலு பேராக வண்டியைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள்.

ஓடைக்கரையில் அலமேலு மண்டியிட்டிருந்தாள். லட்சுமிக்கு வலிப்பு கண்டிருந்தது. அவள் மகளின் கைகளை அழுத்திப் பிடித்துக்கொண்டு அழுதாள். தங்கராசு பாபுவை என் மடியில் கிடத்திவிட்டு ஓடினார்.

"கைய அமுக்காதம்மா. ஒருக்களிச்சிப் படுக்க வை. வாயில எதயும் வெக்காத. அடங்கிடும், அடங்கிடும்."

அடங்கியது. எவ்வளவு நேரமென்று தெரியாது. எனக்கு ஒரு பொழுதாகத் தோன்றியது. லட்சுமி கண் விழித்துத் தண்ணீர் குடித்தபின் மாத்திரையைக் கொடுத்தோம். அப்போதுதான் அலமேலு முதன்முதலாக என்னிடம் பேசினாள்.

"புள்ளைய எடுத்துக்குவீங்களா?"

"யாரு சொன்னது?"

"எங்க ஊருல சொன்னாங்க. கைநாட்டு வெச்சிக் காசு வாங்கினா புள்ள சர்க்காருதாம். மெட்ராசுல கொண்டுபோயி வெச்சிக்குவாங்களாம். அதுக்குத்தான போலீசு வேனு வந்திச்சி?"

நான் விதிகளைச் சொன்னேன், சத்தியம் செய்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. தங்கராசு பாபுவைத் தூக்கி அவளுக்கு எதிரே உட்காரவைத்தார்.

"இந்தாம்மா, இவன் என் புள்ள. வருசா வருசம் நானும் இதே சர்ட்டிபிகேட்டுதான் வாங்கறேன். எனக்கு, கட்டற வரில கொஞ்சம் கொறைச்சிக்குவாங்க. உனக்குக் கையில குடுப்பாங்க. அவ்ளோதான். இவன எவனாச்சும் எடுத்துக்கினு போனானா? என் கூடத்தான் கீறான்."

அலமேலு பாபுவை வெகுநேரம் பார்த்தாள். அவன் மோவாயில் வழிந்த எச்சிலை முந்தானையால் துடைத்தாள்.

"சோறு யாரு ஊட்டறது?"

"அவங்கம்மா. குளிப்பாட்டறது நானு."

அவள் எழுந்து நின்றாள்.

3. திரும்பி நடந்தது

எல்லோரும் ஒரு வண்டியில் ஏற முடியாது. இரண்டு பிள்ளைகளையும் சீட்டில் உட்காரவைத்துத் துண்டால் கட்டி, தங்கராசு வண்டியைத் தள்ளினார். ஆளுக்கொரு பக்கம் நானும் அலமேலுவும் பிடித்துக்கொண்டு நடந்தோம். தங்கராசு யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"புள்ளையக் கூட்டிக்கினு பூடுவாங்கன்னு நீ பயப்படற. எனக்கு வேற பயம். நானும் எம் பொஞ்சாதியும் போயிட்டா, இவன யாராச்சும் வந்து கூட்டிக்கினு போவாங்களா? அது தெரியாமதான் ராத்திரில தூக்கம் வரமாட்டேங்குது."

மறியல்காரர்களே மறுபடி வண்டியைத் தூக்கி மரத்தைத் தாண்டி வைத்தார்கள். அப்போது எதிரே போலீஸ் வேன் வந்து நின்றது. மறியல்காரர்கள் கொல்லைக்குள் ஓடினார்கள். ஒரு காவலர் இறங்கி, "யாருய்யா நீங்க? எதுக்குக் கும்பலா போறீங்க?" என்று அதட்டினார். அலமேலு என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தாள். நான் முகாமைப் பற்றிச் சொன்னேன். அவர் பிள்ளைகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஓரமா போங்க. பத்தரம்."

டாக்டர் மறுநாள் காலையில் வந்தார். கடைசி மரத்திலிருந்து பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு நடந்தே வந்திருந்தார். அலமேலு முந்தைய இரவு என் வாடகை அறையில், கதவைத் தாழ்போடச் சொல்லி, மகளைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். இரண்டு பிள்ளைகளுக்கும் சான்று கிடைத்தது. உதவித்தொகைக்கு அனுமதி வரப் பல மாதம் இழுத்தது. முதல் மணியார்டர் வந்த பிறகு அலமேலு மலையிலிருந்து இறங்கி ஆபீசுக்கே வந்தாள். "பாருங்கம்மா, எங்கிட்டதான் கீறா" என்று லட்சுமியைக் காட்டிவிட்டு உடனே கிளம்பிவிட்டாள்.

தங்கராசு நான் அங்கிருந்து மாற்றலாகும் வரை வருடந்தோறும் வந்தார். சான்றை மடித்துப் பைக்குள் வைத்ததும், "அந்த விசயம் ஏதாச்சும் தெரிஞ்சிதுங்களா மேடம்?" என்று கேட்பார். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பெற்றோருக்குப் பின் பாதுகாவலர் நியமிக்கும் சட்டம் பின்னாளில் வந்தது. அப்போது அவர் எங்கே இருந்தார் என்று எனக்குத் தெரியாது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தொகையைப் பிறகு சொல்லுங்கள். 'பிள்ளை உங்களிடம்தான் இருக்கும்' என்று பெற்றவர்களிடம் முதலில் சொல்லுங்கள். அதன்பிறகும் அவர்கள் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தால், கேட்க இன்னொன்று இருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். ஆனால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடாதீர்கள்.