பதினைந்து நொடி ஜன்னல்

ரொட்டியின் நான்கு ஓரங்களையும் வெட்டித் தள்ளிவிட்டு, வெண்ணெயை மூலை விடாமல் தடவிக்கொண்டிருந்தாள் நோலீன். மோட்டல் அறையில் மேசை போதவில்லை. இஸ்திரிப் பலகையை விரித்து, மேலே துண்டு போட்டு, அதையே சமையல் மேடையாக்கிவிட்டாள். கத்தி வீட்டிலிருந்து வந்தது. மோட்டல் கத்திகளை அவள் நம்புவதில்லை. அவித்த முட்டையை மசித்து உள்ளே வைத்து, அழுத்தி, முக்கோணமாக வெட்டி, பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் அடுக்கினாள். அதே நிறத்தில் இன்னொரு டப்பா இருந்தது. அதில் ஈரத்துணி, மாற்று உள்ளாடை, கையுறை, சுருட்டிய பிளாஸ்டிக் பைகள்.

"ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கேம்மா. மேல எழுதி ஒட்டக் கூடாதா?" என்றாள் மகள் ரேவின்.

"தூக்கினாலே தெரியுமே. சாப்பாடு கனக்கும்."

"அவசரத்துல மாத்தித் திறந்துட்டா?"

"திறந்தா மூடு. சரி, அடுத்தது."

இந்தச் 'சரி, அடுத்தது' நோலீன் வாயிலிருந்து ஒரு நாளைக்கு நாற்பது முறையாவது வரும். ஒரு ஷூவுக்குக் கயிறு கட்டி முடித்து மற்ற ஷூவுக்குப் போகும்போது வரும். ஒன்பது வருடத்துக்கு முன் கணவனைக் குழியில் இறக்கிவிட்டுக் காரில் ஏறும்போதும் அதைத்தான் சொன்னாள். அவளுடைய சின்ன ஊரான கிளென்ரேயில் அதை இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

அவளுக்கு எழுபத்து மூன்று வயது. முப்பது வருடம் ஆட்டு ரோமக் கொட்டகைகளில் தரம் பிரித்தவள். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவியே எந்த ரகம் என்று சொல்லிவிடுவாள். மகன் கிரெய்க்குக்கு நாற்பத்து நான்கு வயது, நூற்றுப் பத்து கிலோ. பிறந்தபோது மூச்சு வரத் தாமதமானதில் மூளை அடிபட்டுப்போனது. மொத்தம் ஆறேழு வார்த்தைகள் பேசுவான். அம்மாவின் நீல ஸ்வெட்டரில் இடது கை விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பான். அந்த விளிம்பு வருடத்துக்கு ஒரு தடவை நைந்து தொங்கிவிடும். அவள் பிரித்து மறுபடி பின்னுவாள்.

வருடத்துக்கு ஒரு முறை இருவரும் ஒரு புது நகரத்துக்கு விடுமுறை போவார்கள். கிரெய்க்குக்கு நகரம் என்றால் லிஃப்ட். கிளென்ரேயில் லிஃப்ட் கிடையாது. பெட்டி அசையத் தொடங்கியதும் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, உள்ளங்கைகளைப் பின்னால் பதித்து, அடிவயிற்றிலிருந்து சிரிப்பான். கடை லிஃப்ட், நூலக லிஃப்ட், கார் நிறுத்துமிட லிஃப்ட், எதுவானாலும் சரி. "ஆக்லாந்துல என்ன பாத்தே?" என்று அண்டை வீட்டில் கேட்டால், "பதினேழு லிஃப்ட். ரெண்டுல மூத்திர நாத்தம்," என்பாள் நோலீன்.

எந்த நகரத்திலும் முதல் நாளை அவள் வேடிக்கைக்கு ஒதுக்குவதில்லை. சக்கர நாற்காலிக் கழிப்பறை எங்கெங்கே இருக்கிறது, கதவு உள்பக்கம் திறக்கிறதா வெளிப்பக்கம் திறக்கிறதா, உள்ளே இரண்டு பெரிய ஆட்கள் திரும்ப இடம் உண்டா என்று பார்த்துவைப்பாள். அதற்கப்புறம்தான் அவளுக்கு ஊர் கண்ணில் படும்.

ஊரில் அவளுக்கும் ஒரு பங்கு உண்டு. மேல் மாடியில் கதவு திறந்தால் பெரும்பாலும் எதிரே ஒரு ஜன்னல் இருக்கும். கதவு மூடப் பதினைந்து நொடி ஆகும். கிரெய்க் வெளியே வரமாட்டான். அதனால் அவளும் வர முடியாது. அந்தப் பதினைந்து நொடியில் நின்ற இடத்திலிருந்தே பார்த்துவிடுவாள். மொட்டைமாடியில் தனியாக நடனம் பழகும் தாடிக்காரன். முன்பக்கம் மட்டும் பூசிப் பின்பக்கம் செங்கல்லாகவே விட்டுவிட்ட தேவாலயக் கோபுரம். எதிர் அலுவலகத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தேய்த்துக்கொள்ளும் பெண். கீழே போய்த் திரும்பி வந்தால் இன்னொரு பதினைந்து நொடி. தாடிக்காரன் போயிருப்பான்; அவன் நின்ற இடத்தில் ஒரு கடற்பறவை நிற்கும். "நாடகம் பாக்கிற மாதிரிதான். நடுநடுவுல திரை விழுது, அவ்வளவுதான்," என்பாள். டனீடின், நெல்சன், நேப்பியர் எல்லாவற்றையும் இப்படித் துண்டு துண்டாகவே பார்த்திருக்கிறாள். எந்த ஊரிலிருந்தும் அவள் மனம் நிறைந்து கிளம்பியதில்லை. அடுத்த வருடத்து ஊரை விமான நிலையத்திலேயே முடிவு செய்துவிடுவாள்.

கிறைஸ்ட்சர்ச்சில் அவனுக்கு மிகவும் பிடித்த, ஆறாவது மாடிவரை போகும் லிஃப்ட் இருந்தது. நிலநடுக்கத்தில் அந்தக் கட்டடம் போய்விட்டது. இன்றும் சில காலைகளில் ஷூவைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்து "ஆறாவது" என்பான். போனது இனி இல்லை என்பதை அவனுக்கு எப்படிச் சொல்வது என்று இத்தனை வருடத்தில் அவளுக்குத் தெரியவில்லை.

இந்த வருடம் வெலிங்டன். இந்த வருடம்தான் முதல் முறையாக பிரிஸ்பேனிலிருந்து ரேவினையும் வரச் சொன்னாள். காரணத்தைத் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டாள். தன் நுரையீரல் இறுகிக்கொண்டே வருகிறது, மருந்து கிடையாது. "டாக்டர் ரெண்டு வருஷம்னான். கூட்டித்தான் சொல்லியிருப்பான், நல்ல பையன்." தனக்குப் பிறகு அக்காவைக் கிரெய்க் ஏற்றுக்கொள்வானா, அக்காவால் அவனைத் தாங்க முடியுமா என்று பார்க்க மூன்று நாள். நான்காம் நாள் மத்தியானம் விமானம்.

ஊரின் கீழ்த்தெருவிலிருந்து மேட்டுத்தெருவுக்கு ஏறும் பொது லிஃப்ட் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். மேலே கதவுக்கு நேர் எதிரே சுவர் அகலத்துக்குக் கண்ணாடி; துறைமுகம் முழுவதும் தெரிந்தது. இரண்டாம் நாள் கிரெய்க் அம்மாவோடு பதினான்கு முறை ஏறி இறங்கினான். மூன்றாம் நாள் நோலீன் வெளியே நின்றுகொண்டாள்.

"நீ உள்ள போ. பொத்தானை அழுத்து. பேசாதே, பேசினா சிரிக்க மாட்டான்."

அவன் விரல்களைத் தன் ஸ்வெட்டரிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, ரேவினின் கோட்டுக் கையில் பதித்தாள். கதவு மூட வந்தது. கிரெய்க் கையை நீட்டினான், கதவு திறந்துகொண்டது. மறுபடியும் மூட வந்தது, மறுபடியும் கை. அதற்குள் குழந்தை வண்டியோடு ஒரு பெண்ணும், தோள்பையோடு ஓர் இளைஞனும் வந்து நின்றார்கள்.

"இன்னும் எவ்வளவு நேரங்க?" என்றான் அவன்.

"பக்கத்துல படி இருக்கு. உன் முட்டி நல்லாத்தானே இருக்கு, தம்பி?" என்றாள் நோலீன்.

அவன் படியைப் பார்த்துப் போனான். நான்காவது முறை கிரெய்க் லிஃப்ட் தரையிலேயே உட்கார்ந்து, பின்தலையைச் சுவரில் மோதத் தொடங்கினான். ரேவின் சுவருக்கும் தலைக்கும் நடுவே தன் கையை வைத்தாள். கை நசுங்கியது, அவள் எடுக்கவில்லை. நோலீன் உள்ளே போய் ஸ்வெட்டர் விளிம்பை நீட்டியதும் எழுந்துகொண்டான்.

சாயங்காலம் துறைமுகப் பெஞ்சில் உட்கார்ந்து, பொரித்த மீனையும் உருளைக்கிழங்கையும் காகிதத்திலிருந்தே சாப்பிட்டார்கள். ரேவினின் புறங்கை வீங்கியிருந்தது.

"என்னால முடியாதும்மா."

"இன்னிக்கே சொல்லிட்டே, நல்லது. ரெண்டு வருஷம் கழிச்சுச் சொன்னா எனக்குக் கேக்காது."

"இப்படிப் பேசாதேயேன்."

"வேற எப்படிப் பேச?"

ரேவின் கையிலிருந்த மீனைக் காகிதத்திலேயே வைத்துவிட்டாள். "அவன் என் தம்பி. ஆனா ஒரு நாள்கூட என் கையைப் பிடிச்சு நடந்ததில்ல. நான் கை நீட்டுவேன், நீ நடுவுல வந்துடுவே. எப்பவும் உன் ஸ்வெட்டர்தான்."

நோலீன் கிழங்கு ஒன்றைக் கடற்பறவைக்கு எறிந்தாள். "உண்மைதான்," என்றாள். "உனக்குக் கத்துக்கொடுக்கிறதைவிட நானே செய்றது சுலபமா இருந்துச்சு."

"இன்வர்கார்கில்ல அவனைச் சேர்க்க ஒரு விடுதி பாத்தேன்னியே?"

"பாத்தேன். சுத்தமா இருக்கு, நாத்தமில்ல. வேலை செய்ற பிள்ளைங்க அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க."

"அப்புறம் என்னம்மா?"

"எல்லாம் ஒரே தளம். ஒரு படி கிடையாது, லிஃப்ட் கிடையாது. சுத்திக் காட்டின பொண்ணு அதைத்தான் பெருமையா பத்துத் தடவ சொன்னா."

ரேவின் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கிரெய்க் அவளுடைய மீனையும் எடுத்துத் தின்றான்.

"அழுதது போதும்டி. அவன் உன் பங்கையும் முடிச்சிட்டான் பாரு," என்றாள் நோலீன்.

மறுநாள் காலை, விமானத்துக்கு முன் மூவரும் மறுபடி அந்த லிஃப்ட்டுக்குப் போனார்கள். கடலிலிருந்து காற்று நேராகத் தெருவுக்குள் வந்துகொண்டிருந்தது. லிஃப்ட் வாசலில் நின்று நோலீன் நீல ஸ்வெட்டரின் பொத்தான்களைக் கழற்றினாள்.

"இந்தா, போட்டுக்கோ."

"உனக்குக் குளிரும்மா. உன் நெஞ்சு இருக்கிற இருப்புல..."

"அஞ்சு நிமிஷம்தானே. வாசனை என்னுது, விளிம்பு அவனுது. முகம்தான் வேற. என் முகத்தை அவன் எப்பப் பாத்தான்?"

ரேவின் கோட்டைக் கழற்றிவிட்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டாள். கிரெய்க் விளிம்பைப் பார்த்தான், பிடித்தான், அவளோடு உள்ளே போனான். நோலீன் மெல்லிய சட்டையோடு வெளியே நின்றாள். கதவு மூட வந்தது. அவன் கையை நீட்டவில்லை. பாதி மூடியபோது அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

கை நீண்டது. கதவு திறந்தது. கிரெய்க் உள்ளே நின்றபடியே அவளைப் பார்த்தான். மேலிருந்து கீழாக, வெறும் கைகள்வரை பார்த்தான். பிறகு ரேவினின் தோளிலிருந்து ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்தான். பொத்தான் ஒன்று தெறித்து ஓடியது. வெளியே வந்து அதை அம்மாவின் தோளில் போட்டு, அவள் அவனுக்குச் செய்வதைப் போலவே முதுகில் இரண்டு தட்டுத் தட்டினான். காலியாகத் தொங்கிய ஸ்வெட்டர் இடது கையின் விளிம்பைப் பிடித்து அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போனான்.

லிஃப்ட் பொத்தானை ரேவின் அழுத்தினாள். பெட்டி அசைந்தது, கிரெய்க் சுவரோடு ஒட்டிக்கொண்டு சிரித்தான். மேலே கதவு திறந்தபோது கண்ணாடி நிறையக் கடல் இருந்தது. வெள்ளைக் கப்பல் ஒன்று மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

"அம்மா, ஜன்னல்," என்றாள் ரேவின்.

நோலீன் திரும்பவில்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றபடி, அந்தக் காலிக் கைக்குள் தன் கையை மேலிருந்து நுழைத்து, அவன் விரல்களில் முட்டும்வரை உள்ளே தள்ளிக்கொண்டே போனாள்.